அலமாரிக்கு ரெண்டு, கட்டிலுக்கு ரெண்டு

ஜூன் 8, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில இருந்து நாலு ஷீட்டையும் வெளிய எடுத்தேன். தேக்கு வெனீர், பிளைவுட் மேல ஒட்டுற மெல்லிசான தேக்குச் சீவல். கனம் அரை மில்லிமீட்டர்தான். அப்பளம் பொரிச்ச மாதிரி நெளிஞ்சு போயிருக்கு. பிப்ரவரியில இருந்து யாரும் தொடாமக் கிடந்தா வேற எப்படி இருக்கும்.

தண்ணியில கொஞ்சம் கிளிசரின் கலந்து ரெண்டு பக்கமும் ஸ்ப்ரே பண்ணுனேன். கீழ ஒரு பலகை, பழைய நியூஸ் பேப்பர், ஷீட், மறுபடி பேப்பர், மேல இன்னொரு பலகை. அதுக்கு மேல வெயிட்டு. அரிசி மூட்டை, காலி சிலிண்டர், மிக்ஸி, இன்வெர்ட்டர் பேட்டரி. ஈரம் இறங்குனா நெளிவு எடுத்துரும்.

படுக்கை ரூம் அலமாரிக்குக் கதவு இல்ல. ஆசாரி பெட்டியை மட்டும் அடிச்சுட்டுப் போனாரு. அதுக்குள்ள வீட்டுல சாவு. அவரும் வேற சைட்டுக்குப் போயிட்டாரு. உள்ள செண்பகாவோட சேலை பூராத் தெரியுது. படுத்தா நேரா அதுதான் கண்ணுல படுது. கதவு போட்டுட்டா தெரியாது. அவ்வளவுதான் வேலை.

செண்பகா என் பொண்டாட்டி. இது எனக்கே தெரியும், எதுக்கு எழுதுறேன்னு தெரியல. கம்பெனியில டூல் ரூம்ல ஷிஃப்ட் முடிஞ்சா லாக் எழுதணும், என்ன செஞ்சோம், என்ன பாக்கி இருக்கு, அடுத்து வர்றவன் என்ன பாக்கணும்னு. அந்தப் பழக்கம்.

ஜூன் 9, திங்கள்

பேப்பர் நனைஞ்சிருந்துச்சு. மாத்துனேன்.

ஜூன் 10, செவ்வாய்

பேப்பர் மாத்துனேன். நெளிவு பாதிக்கு மேல போயிருச்சு.

கோவில்பட்டியில இருந்து பொன்மாரி மயினி போன் பண்ணுனாங்க. செண்பகாவோட அக்கா. தோஹாவுல இருக்கிறவங்க, தங்கச்சி காரியத்துக்கு வந்தவங்க பாப்பாவுக்காக அங்கேயே தங்கிட்டாங்க. பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. பேரு நிறைமதி. எங்கம்மாவுக்கு முட்டு வலி, பிள்ளை வளக்க ஆகாது. அதனால செண்பகாவோட அம்மா, எங்க அத்தை வீட்டுலதான் இருக்கா.

"தம்பி, அண்ணாச்சி ஜூலை பன்னெண்டாம் தேதிக்கு எனக்கு டிக்கெட் போட்டுட்டாக. பாப்பாவுக்கும் போடணுமா வேண்டாமான்னு கேக்காக. நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் மயினி."

"எப்பச் சொல்லுவீக?"

"ஒரு வேலை ஓடிட்டு இருக்கு. அது முடியட்டும்."

"என்ன வேலை?"

"கதவு."

லைன் கட் ஆயிருச்சோன்னு பாத்தேன். ஆகல.

"சரி தம்பி. கதவு முடியட்டும்"னாங்க.

மயினிக்குப் பிள்ளை இல்ல. கல்யாணமாகிப் பல வருசம் ஆச்சு. அவங்க புருசன், அந்த அண்ணாச்சி, என் சகலை. நல்ல மனுசன், குடிக்க மாட்டாரு, அங்க நல்ல வேலை. பாப்பாவை அவங்களே வளத்துக்கிறோம்னு காரியம் முடிஞ்ச அன்னைக்கே கேட்டாங்க. எல்லாக் கோணத்துலயும் செக் பண்ணிப் பாத்துட்டேன். குறைன்னு எதுவும் தட்டுப்படல.

ஜூன் 14, சனி

ஷீட் தட்டையா வந்துருச்சு. இன்னைக்கு வெட்டுனேன். நீளமா இருக்கிறதால ஒரு ஆள் பிடிக்கணும். அருளப்பனை வரச் சொன்னேன். கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருக்கான், கிருஷ்ணகிரிக்காரன். வரும்போதே பரோட்டா வாங்கிட்டு வந்துட்டான், நான் சாப்பிட்டேனான்னு கேக்கிறதுக்குப் பதிலா.

இந்த நாலும் ஒரே கட்டையில அடுத்தடுத்து சீவுனது. பெங்களூர்ல ஒரு குடோன்ல செண்பகா நின்னு பொறுக்குனா. அவ இன்டீரியர் ஆபீஸ்ல டிராயிங் போடுறவ, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொண்ணு மூலையிலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டிருக்கு. ஒண்ணையும் ரெண்டையும் புக்கை விரிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல வெச்சா, கோடெல்லாம் நடுவுல வந்து ஜோடி சேந்துக்கும். இந்தக் கதவுல ரேகை மலை மாதிரி ஏறுனா அந்தக் கதவுலயும் ஏறும். ஒண்ணு, ரெண்டு அலமாரிக் கதவுக்கு. மூணு, நாலு பாப்பா கட்டிலோட தலைமாட்டுப் பலகைக்கு. அதுதான் பிளான்.

ஸ்டீல் ரூலை வெச்சு அழுத்திப் புது பிளேடுல லேசா நாலஞ்சு தடவை இழுக்கணும். ஒரே இழுப்புல அறுத்தா பிளேடு மர ரேகையோட போயிரும்.

"நாயகம், நீ கதவு செய்றியா, ராக்கெட் செய்றியா?"ன்னான்.

"சரியாப் பிடி."

"நான் சரியாத்தான் பிடிக்கிறேன். உன் கண்ணுதான் ரூலுக்குள்ள போயிருச்சு. மூச்சு விடுடா கொஞ்சம்."

வெட்டி முடிச்சதும் ஜோடி சேத்துத் தரையில வெச்சோம். அருளு குனிஞ்சு நடுக்கோட்டை விரலால தடவிப் பாத்தான். அப்புறம், "உன் வீட்டம்மாவுக்குக் கண்ணு இருந்துச்சுடா"ன்னான்.

பரோட்டா ஆறிப்போச்சு. சாப்பிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

பசை போட்டேன். பெரிய பிரஸ் இருந்தா ஒரே அமுக்குல முடிஞ்சுரும். வீட்டுல அதுக்கு எங்க போறது. இஸ்திரிப் பெட்டி முறைதான். பிளைவுட்டுலயும் ஷீட் முதுகுலயும் வெள்ளைப் பசையை ரோலர்ல தடவி, தனித்தனியாக் காய விடணும். கை வெச்சா ஒட்டாத பதம் வந்ததும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, சூடு பெட்டியால நடுவுல இருந்து ஓரத்துக்குத் தேய்ச்சுட்டே போகணும். உள்ள பசை இளகி மறுபடி பிடிச்சுக்கும்.

பெட்டி அடியில கறுப்பா ஒரு கறை. செண்பகா ஏதோ சுடிதாரைத் தீச்சிருக்கா. பிளேடால சுரண்டி எடுத்தேன். எடுத்ததுக்கு அப்புறம் எடுத்திருக்க வேண்டாமோன்னு இருந்துச்சு. ஆனா அந்தக் கறை வெனீர்ல ஏறிரும். எடுத்துத்தான் ஆகணும்.

ரெண்டு கதவும் ஒட்டியாச்சு. சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கேன்.

ஜூன் 17, செவ்வாய்

வேலை விட்டு வந்ததும் நகத்தால தட்டிப் பாத்தேன். ஒட்டுன இடம் கெட்டியாக் கேக்கும், ஒட்டாத இடம் டொக்குன்னு கேக்கும். இடது கதவுல மூணு இடம் டொக்கு.

இதுக்கு, ரேகையோட திசையில பிளேடால சின்னதாக் கீறி, உள்ள பசையை இறக்கி, மறுபடி சூடு போடணும். இறக்க ஊசி இல்லாத சிரிஞ்சு வேணும். ஃபிரிட்ஜ் கதவுல ஒண்ணு கிடந்துச்சு. பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து குடுக்கிறது. உள்ள ரோஸ் கலர்ல காஞ்சு போயிருந்துச்சு. சுடுதண்ணி விட்டுக் கழுவுனேன். கொஞ்ச நேரம் பிடிச்சுது.

மூணு இடமும் சரியாயிருச்சு.

நடுவுல மயினி வீடியோ போட்டாங்க. கையெல்லாம் பசை. எடுக்கல.

ஜூன் 19, வியாழன்

மயினி வீடியோ. குளிச்சுட்டு இருந்தேன்.

ஜூன் 21, சனி

கதவு வளைஞ்சிருச்சு.

காலையிலயே தெரிஞ்சுது. சுவத்துல சாய்ச்சு வெச்சதுல நடுவுல வெளிச்சம் தெரியுது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வெச்சுப் பாத்தேன். ரெண்டுமே நடுவுல ஏழு மில்லி குழி. வெனீர் ஒட்டுன பக்கமா இழுத்திருக்கு.

தப்பு என்னன்னு பாத்ததுமே தெரிஞ்சுருச்சு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கேன். பசை ஈரம் காயக் காய ஷீட் சுருங்கும், சுருங்கிப் பலகையை இழுக்கும். பின்பக்கமும் ஒண்ணு ஒட்டுனா அது எதிர்ப்பக்கம் இழுக்கும், ரெண்டும் சேந்து பலகையை நேரா நிறுத்தும். முன்னாடி ஒண்ணு ஒட்டுனா பின்னாடியும் ஒட்டணும். வெனீர்ல முதல் பாடமே அதுதான்.

அருளு வந்து பாத்துட்டுத் தரையில உக்காந்து சிரிச்சான்.

"டேய், டிரெயினிப் பசங்களுக்கு பைமெட்டல் ஸ்ட்ரிப் கிளாஸ் எடுக்கிறது யாரு? ஒரு பக்கம் சுருங்குனா எந்தப் பக்கம் வளையும், சொல்லுப்பான்னு அந்தப் பையனை அழ வெச்சது யாரு?"

"மறந்துட்டேன்."

"நீயா மறந்தே?"

"பின்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரல."

சிரிப்பை நிறுத்திட்டான். "சரி விடு. பின்னாடிக்குச் சாதா ஷீட்டு போதும். பாகலூர் ரோட்டுக் கடையில இருக்கும். வண்டியை எடு, போயிட்டு வந்துரலாம்."

"வேண்டாம். மூணும் நாலும் இருக்குல்ல."

"அது பாப்பா கட்டிலுக்குன்னே?"

"ஒரே மரம், ஒரே கனம், ஒரே ஈரம். அப்பத்தான் இழுப்பு சமமா இருக்கும்."

"பின்னாடி யாருடா பாக்கப்போறா? உள்பக்கம். சேலைதான் பாக்கும்."

"கட்டில் அவசரம் இல்ல அருளு."

என்னையே பாத்துட்டு இருந்தான். டெக்னிக்கலா நான் சொன்னது சரிதான்.

ஜூன் 22, ஞாயிறு

மூணையும் நாலையும் கதவு சைசுக்கு வெட்டி, பின்பக்கம் ஒட்டுனேன். அருளு வரல, தனியாவே வெட்டுனேன். கை ஆடல. கோடு நேரா வந்துச்சு.

மிச்சம் விழுந்த துண்டு நாலு விரல் அகலம். அதுல எதுவும் செய்ய முடியாது.

ரெண்டு கதவையும் வளைவுக்கு எதிர்ப்பக்கமாக் கட்டை முட்டுக் குடுத்து, வெயிட்டு ஏத்தி வெச்சிருக்கேன்.

ஜூன் 24, செவ்வாய்

மயினி போன். சாதாக் கால், வீடியோ இல்ல. எடுத்தேன்.

"ஒரு விசயம் சொல்லணும் தம்பி. தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டு நாளா என்னை அம்மாங்கா. நான் சொல்லிக் குடுக்கல. சாமி சத்தியமாச் சொல்லுதேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக கூப்பிடுறதைப் பாத்து அவளாக் கூப்பிடுதா. பெரியம்மான்னு திருத்துனேன். ம்ங்கா, மறுபடி அம்மாங்கா."

"சரி மயினி."

"சரின்னா?"

"பரவால்ல. கூப்பிடட்டும்."

"நீங்க கோவப்படுவீகன்னு பயந்துக்கிட்டே போன் போட்டேன்."

"கோவம் எதுவும் இல்ல."

"அதான் தெரியுதே"ன்னாங்க. கதவு எப்ப முடியும்னு கேட்டாங்க. வளைஞ்ச கதையைச் சொன்னேன். உம் கொட்டிக் கேட்டாங்க.

ஜூன் 26, வியாழன்

முட்டு எடுத்தேன். இடுக்கு அளக்குற ஃபீலர் கேஜ் அரை மில்லிகூட உள்ள போகல. ரெண்டு கதவும் நேராயிருச்சு.

ஜூன் 28, சனி

ஓரம் சீவி, பட்டை ஒட்டுனேன். அப்புறம் உப்புக் காகிதம்.

இங்கதான் கெட்டுப் போகும். இருக்கிறதே அரை மில்லி. ஒரே இடத்துல நாலு தேய் கூடுதலாத் தேய்ச்சா அடியில பிளைவுட் பல்லைக் காட்டிரும். அதுக்கு ஒரு வழி, பலகை பூராவும் பென்சில்ல லேசாக் கிறுக்கிரணும். கிறுக்கல் போற வரைக்கும் மட்டும் தேய்ச்சா எல்லா இடமும் ஒரே அளவு போகும்.

கிறுக்குறதுக்குப் பென்சில் தேடுனேன். கிரேயான் டப்பாதான் கிடைச்சுது. கிரேயான்ல மெழுகு இருக்கும், மேல பாலிஷ் பிடிக்காது. மூடி வெச்சுட்டுக் கடைக்குப் போய்ப் பென்சில் வாங்கிட்டு வந்தேன்.

வலது கதவு கீழ் மூலையில நகம் அளவு தேஞ்சு பிளைவுட் தெரியுது. கலர் தொட்டு வெச்சா அடங்கிரும். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீடு பூராத் தூசி. துடைக்கல.

ஜூன் 29, ஞாயிறு

தின்னர்ல துணியை நனைச்சுத் துடைச்சுப் பாத்தேன். பசை வழிஞ்ச இடம் இருந்தா வெள்ளையாத் தெரியும், அங்க பாலிஷ் உள்ள போகாது. ஒரே ஒரு இடம், சுரண்டிட்டேன். நனைஞ்ச உடனே தேக்கு கலர் எந்திரிச்சு வந்துச்சு. ரெண்டு நிமிசத்துல காஞ்சு மறுபடி வெளுத்துப் போச்சு.

பாலிஷுக்கு அடியில பூசுற சீலர், முதல் கோட்டு. வாடை தலைவலிக்குது. ஜன்னலைத் திறந்து வெச்சும் போகல.

சாயங்காலம் நானே மயினிக்குப் போன் போட்டேன். இந்த வாடையில சின்னப் பிள்ளை இருக்க முடியாது, நெஞ்சுக்கு ஆகாது, பாலிஷ் முடிஞ்சும் ரெண்டு மூணு வாரம் இருக்கும்னு சொன்னேன்.

"நான் கேக்கவே இல்லையே தம்பி"ன்னாங்க.

ஆமா, கேக்கல.

ஜூலை 1, செவ்வாய்

நயம் உப்புக் காகிதம் போட்டு, ரெண்டாவது சீலர்.

ஜூலை 2, புதன்

பாலிஷ் முதல் கோட்டு. ஒரு கொசு விழுந்துச்சு. ஈரத்துல எடுக்கக் கூடாது, தடம் ஆயிரும். காஞ்சப்புறம் தேய்ச்சு எடுக்கணும்.

ஜூலை 4, வெள்ளி

நேத்து ரெண்டாவது கோட்டு. இன்னைக்கு லீவு போட்டுக் கதவை மாட்டுனேன். கீல் போட்டு, லெவல் பாத்து, நடுவுல ரெண்டு மில்லி இடைவெளி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி. கோடு ஜோடி சேருது.

சாத்துனேன். சேலை தெரியல.

கட்டில்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். ரூம் ஓட்டல் ரூம் மாதிரி ஆயிருச்சு. அடுத்து என்ன வேலைன்னு யோசிச்சேன். அடுப்படி ஷெல்ஃபுக்கும் கதவு இல்ல. திங்கக்கிழமை அளவு எடுக்கலாம்.

மயினிக்கு மெசேஜ் போட்டேன், கதவு முடிஞ்சுதுன்னு. உடனே பதில் வந்துச்சு. "அப்ப நாங்க வாரோம்."

ஜூலை 6, ஞாயிறு

காலையில ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்து இறங்குனாங்க. பாப்பா மயினி தோள்ல. முடி வளந்திருக்கு. என்னைப் பாத்ததும் முகத்தை மயினி கழுத்துக்குள்ள புதைச்சுக்கிட்டா.

"யாருன்னு பாரு, யாரு அது?"

"மாமா"ன்னா.

"மாமாவாட்டி? நல்லாப் பாரு."

பாக்கல. நான் பையை வாங்கிக்கிட்டேன். பை வெயிட்டா இருந்துச்சு.

வீட்டுக்குள்ள வந்ததும் மயினி செருப்பைக் கழட்டிட்டுத் தரையைக் காலால தேய்ச்சுப் பாத்தாங்க. "இதுல மனுசன் இருக்கானா, மில்லு ஓடுதா?"ன்னு முந்தானையை இடுப்புல சொருகிட்டு விளக்கமாறு எடுத்துட்டாங்க. நான் தடுத்தேன். "உங்க வேலையை நீங்க முடிச்சுட்டீகல்ல. இது என் வேலை"ன்னாங்க.

பெருக்கி முடிச்சுட்டு அலமாரிக்கு முன்னாடி வந்து நின்னாங்க. நல்லா இருக்குன்னாங்க. திறந்தாங்க. திறந்து, சேலையைப் பாக்கல, கதவோட உள்பக்கத்தையே பாத்தாங்க.

"இது ஏன் தம்பி உள்ளயும் இவ்வளவு அழகா இருக்கு?"

வளைவு, இழுப்பு, சமம் எல்லாம் விளக்குனேன்.

"மொத்தம் நாலு வாங்குனோம்னு செண்பகா போன்ல சொன்னா. பாப்பா கட்டிலுக்கு ரெண்டுன்னு."

"ஆமா."

"அதுவா இது?"

"ஆமா."

கதவை மெதுவாச் சாத்துனாங்க. கைரேகை படக் கூடாதுன்னோ என்னமோ, விரல் முட்டியால தள்ளிச் சாத்துனாங்க.

பாப்பா நாள் பூரா மயினியை விட்டு நகரல. அடுப்படிக்குப் போனா அடுப்படி, பாத்ரூம் போனா வாசல்ல. என்னை மூணு தடவை பாத்தா. சாயங்காலம் அருளு வந்தான், அவன்கிட்ட உடனே போயிட்டா. அவன் மீசையைப் பிடிச்சு இழுத்தா. அவன் என்னைப் பாக்காமலேயே கொஞ்சிட்டு இருந்தான்.

ஜூலை 7, திங்கள்

லீவு. அடுப்படி ஷெல்ஃப் அளவு எடுக்கல.

மத்தியானம் சாப்பிட்டுப் பாப்பா எங்க கட்டில்ல தூங்கிட்டா. மயினி தரையில உக்காந்து அவ சட்டைக்குப் பட்டன் தச்சுக்கிட்டு இருந்தாங்க. இதுக்கு மேல தள்ள முடியாதுன்னு நானே ஆரம்பிச்சேன்.

"யோசிச்சுட்டேன் மயினி. கூட்டிட்டுப் போங்க. அதான் அவளுக்கு நல்லது. டிக்கெட் போடச் சொல்லுங்க."

இதுக்காகத்தான் அவங்க ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காந்து வந்தது. முகத்துல சந்தோசம் வரும்னு பாத்தேன். ஊசியைத் துணியில குத்தி வெச்சாங்க.

"இவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"சிலிண்டர் காலி, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுத மாதிரிச் சொல்லுதீக."

நான் அலமாரிக் கதவோட இடைவெளியைப் பாத்தேன்.

"எனக்கு வேணும் தம்பி. பொய் சொல்லல. இந்த நாலஞ்சு மாசமா என் வயித்து மேலதான் படுத்துத் தூங்குதா. அவ இல்லாம அந்த பிளாட்டுல போய் நான் எப்படி இருக்கப் போறேன்னு நினைச்சாலே நெஞ்சு அடைக்கி. ஆனா நாளைக்கு அவ பெரிய மனுசி ஆனா கேப்பால்ல. எங்கப்பா என்னை ஏன் குடுத்தாருன்னு. நான் என்ன சொல்லட்டும்? கதவு முடிஞ்சுச்சு, குடுத்துட்டாருன்னா?"

"அப்ப என்ன சொல்லணும்ங்கிறீங்க?"

"ஒரு தடவை மாட்டேன்னு சொல்லுங்க. சும்மாவாச்சும் சொல்லுங்க. 'உங்கப்பா தர மாட்டேன்னுதாம்மா சொன்னாரு, நாந்தான் மல்லுக்கு நின்னு பிடுங்கிட்டு வந்தேன்'னு அவகிட்டச் சொல்லிக்கிடுதேன். அந்தக் கெட்ட பேரு எனக்கு இருக்கட்டும். அவளுக்கு அது வேணும்."

நியாயமாத்தான் பட்டுச்சு. ஒரு வார்த்தைதான.

"தர மாட்டேன்"னேன்.

"டீ வேண்டாம்னு சொல்லுத மாதிரி இருக்கு. என்னைப் பாத்துச் சொல்லாதீக. அவளைப் பாத்துச் சொல்லுங்க."

திரும்புனேன். நேத்துல இருந்து நான் அவளைச் சரியாப் பாக்கல. வந்தப்போ முடி வளந்திருக்குன்னு பாத்தேன், அதோட சரி. மல்லாந்து படுத்திருந்தா. மூக்கு அடைச்சிருக்கு, வாயால மூச்சு விடுறா. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில சின்னதா ஒரு சத்தம். ஒரு கையில என் பனியன் நுனி. கொடியில காயப்போட்டிருந்ததை எப்ப இழுத்து வெச்சான்னு தெரியல. உள்ளங்கால் கறுப்பா இருந்துச்சு. என்னோட தூசி. மயினி எவ்வளவு பெருக்கியும் எங்கயோ இருந்திருக்கு.

"தர மாட்டேன்"னேன்.

"இன்னொரு தடவை."

"தர மா"ன்னு ஆரம்பிச்சேன். மிச்சம் வரல. மறுபடி ஆரம்பிச்சேன். வரல. மூணாவது தடவை சத்தம் வந்துச்சு, ஆனா அது பேச்சு இல்ல. பாப்பா தூக்கத்துல புரண்டா. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். கட்டில் சட்டத்தை இன்னொரு கையால பிடிச்சிருந்தேன்னு மட்டும் தெரியுது. எவ்வளவு நேரம்னு தெரியல.

மயினி எந்திரிச்சு அடுப்படிக்குப் போனாங்க. குழாயைத் திறந்து விட்டாங்க. தண்ணி போற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. கழுவப் பாத்திரம் எதுவும் கிடையாது, காலையிலயே கழுவியாச்சு.

திரும்பி வந்து கதவுகிட்ட நின்னாங்க. முகம் நனைஞ்சிருந்துச்சு.

"ஒரு டிக்கெட் போதும்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிருதேன்."

"மயினி."

"ஒண்ணும் பேசாதீக. சொல்லச் சொன்னது நாந்தான். இந்த வாயைத் தைக்கணும்."

ஊசியை எடுத்து அடுத்த பட்டனைத் தைக்க ஆரம்பிச்சாங்க.

ஜூலை 8, செவ்வாய்

மயினி இன்னைக்குப் பூரா எனக்குப் பாடம் எடுத்தாங்க. கோவமாத்தான் எடுத்தாங்க. பாதியில நான் தப்பு செஞ்சா, "நல்ல இஞ்சினியரு"ன்னாங்க.

தயிர்சாதத்துல உப்பு கம்மி. ரசம்னா தெளிவு மட்டும், பருப்பு வாயில தட்டுனா துப்பிருவா. தலைக்கு ஊத்தும்போது கண்ணை மூடச் சொல்லக் கூடாது, மேல பாருன்னு சொல்லணும். தூங்கும்போது காதைப் பிடிச்சுக்கிடுவா, யாரு காதா இருந்தாலும் சரி. வெளிய போயிட்டு வாரேன்னு பொய் சொல்லிட்டுப் போகக் கூடாது, அப்புறம் நம்ப மாட்டா.

அத்தை ரெண்டு வாரத்துல வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் லீவு கேட்டேன், பாதி நாள்தான் கிடைச்சுது. மேனேஜர் பாப்பாவைப் பாக்கணும், ஒருநாள் கம்பெனிக்குத் தூக்கிட்டு வான்னாரு. மிச்ச நாளைக்கு அருளு பொண்டாட்டி பகல்ல வந்து பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கு. பாலிஷ் டப்பா, தின்னர் எல்லாத்தையும் அருளு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டான். ஜன்னல் ராப்பகலாத் திறந்தே இருக்கு.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் மயினியை பஸ் ஏத்தி விட்டோம்.

பஸ்ஸுல ஏறுனதுக்கு அப்புறம் அவங்க திரும்பியே பாக்கல. ஜன்னல் சீட்டுதான். திரையை இழுத்து விட்டுட்டாங்க. பாப்பா டாட்டா காட்டிக்கிட்டே இருந்தா. பஸ் திரும்புன பிறகும் கையை இறக்கல. நான்தான் இறக்கி விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

விடியும்போதே எந்திரிச்சுட்டா. ஒவ்வொரு ரூமாப் போய்த் தேடுனா. பாத்ரூம் கதவைத் தட்டுனா. அலமாரியைக்கூடத் திறந்து சேலைக்குப் பின்னாடி பாத்தா. அப்புறம் என்கிட்ட வந்து, "அம்மா எங்க?"ன்னு கேட்டா.

எந்த அம்மாவைக் கேக்குறான்னு தெரியல. ரெண்டு பேரும் இல்லன்னு சொன்னேன்.

அழுதா. தரையில உக்காந்து, அப்புறம் படுத்து, காலை உதைச்சு அழுதா. தூக்கப் போனேன், தள்ளி விட்டா. நானும் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்ச வாடை வந்துச்சு. அருளு ரெண்டு தடவை போன் அடிச்சான். வெயில் ஜன்னல் வழியா உள்ள வந்து, எங்க ரெண்டு பேர் மேலயும் ஏறி, சுவத்துக்குப் போயிருச்சு.

அழுகை நிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். வேற வேலை எதுவும் பாக்கல.